சும்மா டியூப்

பாராட்டுவதில் அவரைப் போலக் கஞ்சத்தனம் பிடித்த ஒருவரை நான் பார்த்ததில்லை. ஒரு குழந்தை நன்றாகச் செய்தால் "சரி" என்பார். அதுவே அதிகம். காபி நன்றாக இருந்தால் குடித்து முடிப்பார், நன்றாக இல்லாவிட்டாலும் குடித்து முடிப்பார். அவரோடு சில வருஷங்கள் வேலை பார்த்தேன். நான் எழுதிய ரிப்போர்ட்டுகளில் ஒன்றைக்கூட நன்றாக இருக்கிறதென்று அவர் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, "இதுல பொய் கம்மியா இருக்கு" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வீட்டில் போய்ச் சொன்னேன். என் மனைவி சிரித்தாள்.

அவர் பெயர் இங்கே வேண்டாம், மேடம் என்றே இருக்கட்டும். எழுதினால் கோபித்துக்கொள்வார் என்று இல்லை. கோபித்துக்கொள்ள மாட்டார். "எழுதாம இருந்து பாத்தீங்களா?" என்று கேட்பார். அதனால்தான் பெயரை விட்டுவிட்டேன்.

அந்தக் கேள்விதான் அவர். யார் எதைச் சொன்னாலும், அது இல்லாமல் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பார். சளிக்கு மிளகு ரசம் குடித்தேன், மூன்றே நாளில் சரியாகிவிட்டது என்றால், "குடிக்காம இருந்திருந்தா எத்தனை நாளாயிருக்கும்?" என்பார். ஜீவனஹள்ளி வழியாக ஒரு குறுக்குச் சந்து கண்டுபிடித்திருக்கிறேன், சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று நான் பெருமையாகச் சொன்னபோது, பழைய வழியில் அதே நேரத்துக்குக் கிளம்பிப் பார்த்தேனா என்று கேட்டார். பார்த்தேன். பழைய வழிதான் சீக்கிரம். அதற்கப்புறம் அந்தச் சந்துப் பக்கம் நான் போகவில்லை.

நாங்கள் செய்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு சின்ன அறக்கட்டளை. யார் வந்தாலும் உயிரியல் சொல்லித் தருவது அதன் வேலை. படித்தவர், படிக்காதவர், ஒன்பது வயது, எழுபது வயது என்ற பாகுபாடெல்லாம் கிடையாது. அதிலும் செயற்கை உயிரியல் என்று ஒரு புதுப் பிரிவு. உயிரணு ஒவ்வொன்றும் தனக்குள் எழுதியிருக்கும் கட்டளையைப் படித்துத்தான் எதையும் செய்கிறது. அந்தக் கட்டளையை நாமே எழுதிக் கொடுத்து நமக்கு வேண்டியதைச் செய்ய வைப்பதுதான் அந்தப் பிரிவு. கேட்டால் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். உயிரணுவை உடைத்து, அதற்குள் வேலை செய்கிற சாமான்களை மட்டும் எடுத்து, காயவைத்துப் பொடியாக்கி டியூபில் போட்டு வைத்திருப்பார்கள். அதில் உயிர் கிடையாது, பரவுமோ என்ற பயமும் கிடையாது. கொஞ்சம் தண்ணீரும் ஒரு சொட்டு டி.என்.ஏ.வும் விட்டு, சில மணி நேரம் உடம்புச் சூட்டில் வைத்திருந்தால், அந்த டி.என்.ஏ. எதைச் செய்யச் சொல்கிறதோ அதைப் பொடி செய்யும். பெரும்பாலும் பச்சையாக ஒளிரும் ஒரு புரதம். நீல விளக்கடியில் வைத்து ஆரஞ்சுக் கண்ணாடித்தாள் வழியாகப் பார்த்தால் தெரியும்.

சூட்டுக்கு மெஷின் வாங்கப் பணமில்லை. இட்லி ஹாட்பாக்ஸில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, அதில் டியூபுகளை மிதக்க விட்டோம். டிசம்பர் மாதத்தில் பெங்களூரில் தோசை மாவைப் பொங்க வைத்த யாருக்கும் இது புதிதல்ல.

நான் அதற்கு முன்னால் ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கிற வேலையில் இருந்தேன். தாத்தா காலத்திலேயே சர்க்கார் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. நான்தான் முதலில் நல்ல வேலையை விட்டவன். இங்கே ஹால் சாவி, டீ, ரிப்போர்ட், நன்கொடைக்குக் கையேந்துவது எல்லாம் என் பொறுப்பு. பாடம் அவர் பொறுப்பு.

ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒருவருக்கு அவர் கொடுக்கிற டியூபில் பொடி இருக்கும், தண்ணீர் இருக்கும், சூடும் இருக்கும். அந்த ஒரு சொட்டு டி.என்.ஏ. மட்டும் இருக்காது. அது ஒளிராது. அது ஒளிராமல் இருந்தால்தான் மற்றவை ஒளிர்ந்ததற்கு அர்த்தம். பிள்ளைகள் அதற்குச் சும்மா டியூப் என்று பெயர் வைத்துவிட்டார்கள். யாருக்கும் அது பிடிக்காது. "மிஸ், எனக்குச் சும்மா டியூப் வேணாம் மிஸ்" என்று ஒரு பெண் அழுதேவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை எஞ்சினியர், "எனக்குக் குடுங்கம்மா, ரிட்டயர் ஆனவனுக்கு அதுதான் பொருத்தம்" என்றார். மேடம் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணிடமே கொடுத்தார்.

"இது எரிஞ்சா எங்க எல்லாரோடதும் வேஸ்ட். நீ பாத்து, எரியலன்னு சொன்னாத்தான் நாங்க சந்தோஷப்படலாம்" என்றார்.

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அன்று முழுக்க அந்த டியூபை விட்டு நகரவில்லை. கடைசியில் எழுந்து நின்று "எரியல" என்று அறிவித்தாள். அவர் "சரி" என்றார்.

நீலசந்திராவில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்களுக்குத் தனி வகுப்பு. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீட்டு வேலை, ஹவுஸ்கீப்பிங் என்று போகிறவர்கள். அவர்களில் சரோஜா என்று ஒருவர், வாயாடி. முதல் வகுப்பில் சும்மா டியூப் அவருக்குப் போனது. ஜன்னலில் போர்வை கட்டி இருட்டாக்கி நீல விளக்கைப் போட்டால், எல்லா டியூபும் பச்சை. சரோஜாவுடையதும் பச்சை.

"மேடம், என்துதான் சும்மா டியூப்பு. அதுவும் எரியுது பாருங்க" என்றார் சரோஜா. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மேடம் மட்டும் தட்டவில்லை. "யாரும் எதையும் தொடாதீங்க. சரோஜா, கைய காட்டுங்க" என்றார்.

நீல விளக்கடியில் சரோஜாவின் விரல் நுனி, நகக்கண், உள்ளங்கை ரேகை எல்லாம் மஞ்சளும் பச்சையுமாக எரிந்தன. பக்கத்திலிருந்தவர் கையும் அப்படித்தான். மஞ்சள். காலையில் குழம்பு வைத்துவிட்டு, முகத்துக்குப் பூசிக் குளித்துவிட்டு, தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு வந்தவர்கள். ஆய்வுக்கூடத்தில் கையுறை போட்டு வேலை செய்கிறவர்கள் செய்ய முடியாத தப்பு. டியூபைத் துடைத்ததும் பச்சை போய்விட்டது. மேடத்துக்கு வந்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டுமே. தரையில் உட்கார்ந்து ஒவ்வொருவர் விரலாக, கன்னமாக, தாலிக்கயிறாக விளக்கைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று வைத்திருந்த பாடமே நடக்கவில்லை. ஜெயித்ததை விட, ஜெயித்ததாக நினைத்தது ஏன் தப்பு என்பதில்தான் அவருக்கு ருசி.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். கூடவே இருப்பது அவ்வளவு சுலபமில்லை. சரோஜாவின் மகனுக்கு ரொம்ப நாள் கழித்து வேலை கிடைத்தது. மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு தீச்சட்டி எடுத்ததாக சரோஜா சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மேடம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "வேண்டாம இருந்திருந்தா கிடைச்சிருக்காதா?" என்று கேட்டுவிட்டார். கேலியாகக் கேட்கவில்லை. சாம்பாருக்கு உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் கேட்டார். சரோஜா பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார், அடுத்த வாரமும் வரவில்லை.

நான் சத்தம் போட்டேன். "எல்லா இடத்துலயும் சும்மா டியூப் வைக்க முடியாது மேடம்" என்றேன். அவர் சரோஜா வீட்டுக்குப் போயிருக்கிறார். அதை சரோஜாதான் அப்புறம் சொன்னார். "அந்தம்மா வந்து குந்திச்சு. கோயில் பொங்கல் குடுத்தேன். ரெண்டு தடவ வாங்கிச் சாப்டுச்சு. ஒரு வார்த்த பேசல. நானே எவ்ளோ நேரம்தான் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கறது, சொல்லு சார்?"

மேடம் கல்யாணம் ஆனவர் என்று எனக்குத் தெரியும். கணவர் எங்கே என்று தெரியாது. ஒரு நாள் டீ குடிக்கும்போது கேட்டேன். "சேலத்துல இருக்காரு. ஒரு வருஷம் அவரு இல்லாம இருந்து பாத்தேன். பெரிய வித்தியாசம் தெரியல" என்றார். அது ஜோக்கா இல்லையா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

காக்ஸ் டவுன் சனிக்கிழமை வகுப்பு ஒரு சர்ச் ஹாலில் நடந்தது. அங்கேதான் ரெஜினா ஆன்ட்டி வந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். ஒரு பேங்கின் தொலைபேசி சுவிட்ச்போர்டில் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். தம்பி குடும்பத்தோடு இருந்தார். பச்சையாக ஒளிர்கிற பாடம் நடக்கிற அறையில் வந்து உட்கார்ந்து, "எனக்கு என்ன இருக்குது இங்க?" என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். நான் நெளிந்தேன். அவர், "இன்னைக்கு ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. அடுத்த மாசம் வாங்க" என்றார்.

அடுத்த மாதம் ஆன்ட்டிக்காக வேறு டி.என்.ஏ. வந்தது. அதை விட்டால் பொடி ஒளிராது, வாழைப்பழ வாசனை கிளம்பும். சும்மா டியூபில் லேசான மருந்து நெடி மட்டும் இருக்கும். வாசனை டியூபில் அந்த நெடிக்கு மேலே வாழைப்பழம் வரும். பாவம், முதல் வகுப்பை, விளைச்சலைச் சர்ச்சுக்குக் காணிக்கையாகக் கொண்டுவரும் அறுப்பின் பண்டிகை வாரத்தில் வைத்துவிட்டோம். சபையார் ஏலத்துக்குக் கொண்டு வந்திருந்த வாழைத்தார்கள் எல்லாம் பக்கத்து அறையில் பழுத்துக்கொண்டிருந்தன. ஹாலுக்குள் நுழைந்ததுமே ரெஜினா ஆன்ட்டி நின்றார். "எல்லா டியூபும் வந்துடுச்சா?" என்றார். வகுப்பை ரத்து செய்துவிட்டு ஆளுக்கு ஒரு பழம் சாப்பிட்டோம்.

அதற்கப்புறம் ஒழுங்காக நடந்தது. மூன்று டியூப். ஒன்றில்தான் வாசனை. அதன் அடியில் மட்டும் சிவப்புப் புள்ளி வைத்து, மூன்றின் அடியையும் டேப்பால் மூடிவிடுவார்கள். மூடுகிறவர் வேறு ஆள், பெரும்பாலும் உதவிக்கு வர ஆரம்பித்திருந்த சரோஜா. கேட்கிறவருக்கும் எது என்று தெரியக் கூடாது, தெரிந்தால் குரலில் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் சட்டம். அவர் தானும் முகர்ந்து பார்க்க மாட்டார். ஆன்ட்டி ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோய், யோசித்து, ஒன்றைச் சொல்வார். டேப்பை உரித்துப் பார்த்து அவர் "சரி" என்பார். ஆன்ட்டிக்கு அதில் சந்தோஷம் வராது.

"நிஜமா சரியா? இல்ல, எனக்காகச் சொல்றியா?"

"சரின்னா சரிதான் ஆன்ட்டி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

ஒரு நாள் இதை எனக்கு விளக்கினார். "கண்ணு தெரியாதவகிட்ட யாரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்கப்பா. பாவம்னு விட்டுடுவாங்க. நான் சேலை கட்டிட்டு, பிளவுஸ் மேட்ச்சான்னு கேட்டா, எந்த பிளவுஸ் போட்டாலும் சூப்பர் மேட்ச் ஆன்ட்டின்னு சொல்றாங்க. சர்ச்சில பாடினா நல்லாருக்குது. பாடாம இருமினாலும் நல்லாருக்குது. அப்புறம் நான் எப்படித்தான் தெரிஞ்சுக்கறது, எது நல்லாருந்துச்சுன்னு?"

மேடத்திடம் போய்ச் சொன்னேன். புள்ளிக்குப் பதிலாகக் கையில் தட்டுப்படுகிற மாதிரி டியூபில் ஒரு கீறல் போட்டுக் கொடுத்தார். ஆன்ட்டி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கீறலப் போட்டதும் நீங்கதானே" என்றார். நியாயம்தான். புள்ளியே போதும் என்று விட்டுவிட்டோம். ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் வந்தார். வாரத்தில் அவர் வீட்டை விட்டுத் தனியாகக் கிளம்புவது அந்த ஒரு நாள்தான். மற்ற நாட்களில் தம்பி மனைவி கூடவே வருவாள். வகுப்புக்கு மட்டும் வரக் கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

எங்களுக்குப் பணம் கொடுத்துவந்த கம்பெனி, நகரத்துக்கு வெளியே ஒரு டெக் பார்க்கில் இருந்தது. வருஷக் கடைசியில் அவர்கள் ஒரு விழா நடத்துவார்கள். உதவி பெறுகிறவர்கள் மேடையில் வந்து ஏதாவது செய்து காட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் அடுத்த வருஷம் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று முடிவு செய்வார்கள். சமூகப் பணிப் பிரிவைப் பார்த்துக்கொண்ட அம்மாள் என்னிடம் போனில், "நைஸா ஒரு டெமோ குடுங்க, ரெஜினா மேடமை மேடையேத்துங்க" என்றார். நான் உடனே சரி என்றேன். சனிக்கிழமை வகுப்பு நிற்காமல் இருக்க வேண்டும் என்பது என் கவலை. ரெஜினா ஆன்ட்டிக்கு வேறு கவலை.

"அவ்ளோ பேர் முன்னாடி நான் தப்பாச் சொன்னா என்ன பண்ணுவ?" என்று மேடத்திடம் கேட்டார்.

"தப்புன்னு சொல்லுவேன்."

"நிஜமா?"

"ஆமா."

"அப்ப வரேன்" என்றார் ஆன்ட்டி.



காலையிலேயே டியூபுகளைத் தயார் செய்து, சரோஜா புள்ளி வைத்து டேப் ஒட்டி, ஹாட்பாக்ஸில் மிதக்க விட்டு, வேனில் கிளம்பினோம். டெக் பார்க் வாசலில் செக்யூரிட்டி ஹாட்பாக்ஸைப் பார்த்தான். "ஊட்ட ஒளகடெ பேடா சார். வெளிச் சாப்பாடு நாட் அலௌட்" என்றான். சாப்பாடு இல்லை என்று சரோஜா திறந்து காட்டினார். தண்ணீரில் டியூபுகள் மிதப்பதைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தேகம் இன்னும் அதிகமாகிவிட்டது. மேலிடத்துக்குப் போன் போட்டு, பேசி, கடைசியில் டியூபுகளை விட்டான். ஹாட்பாக்ஸை விடவில்லை. அதற்கு ஒரு டோக்கன் கொடுத்து வாசலிலேயே வைத்துக்கொண்டான். சரோஜா டியூபுகளைக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார்.

அரங்கத்தில் ஏ.சி. குளிர் தாங்கவில்லை. மேடைக்குப் பொறுப்பான பையன் சரோஜாவிடமிருந்து டியூபுகளை வாங்கி, பூங்கொத்துப் பக்கத்தில் மேஜைமேல் அழகாக நிற்க வைத்துவிட்டான். பிறகு பேச்சுகள். வரவேற்புரை, தலைமையுரை, வீடியோ, இன்னொரு தலைமையுரை. மேடம் ஒரு தடவை எழுந்து போய் டியூபுகளை எடுக்கப் பார்த்தார். மேடையில் ஏறக் கூடாது என்று உட்கார வைத்துவிட்டார்கள். "காலைலேர்ந்து சூட்டுலதான இருந்துச்சு, போதும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எங்கள் முறை வந்தது. ரெஜினா ஆன்ட்டி பச்சைப் பட்டுச் சேலையில், சரோஜாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மேடம் மைக்கில் சுருக்கமாகச் சொன்னார். மூன்று டியூப், ஒன்றில் வாழைப்பழ வாசனை, மற்ற இரண்டிலும் அந்த ஒரு சொட்டு மட்டும் கிடையாது, எது என்று எனக்கும் தெரியாது, ஆன்ட்டி சொல்வார்.

ஆன்ட்டி முதலாவதை முகர்ந்தார். இரண்டாவதை. மூன்றாவதை. மறுபடி முதலாவதை. நேரம் ஆயிற்று. முன்வரிசையில் அந்த அம்மாள் இரண்டு கைகளையும் தட்டுவதற்குத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"ரெண்டாவது" என்றார் ஆன்ட்டி.

படபடவென்று கைதட்டல். யாரும் டேப்பை உரிக்கக்கூட இல்லை. அந்த அம்மாள் எழுந்து நின்று தட்டினார், பின்னாலேயே வரிசை வரிசையாக எழுந்தார்கள். அதோடு விட்டிருந்தால் எல்லாருக்கும் நல்லது. நான் கீழே நின்றபடி மனதுக்குள் மேடத்தைக் கெஞ்சினேன். அவர் கைதட்டல் முடிகிற வரை காத்திருந்தார். இரண்டாவது டியூபின் அடியிலிருந்து டேப்பை உரித்தார்.

"இல்ல. தப்பு. இது சும்மா டியூப்" என்றார் மைக்கில்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவ்வளவு பேர் முன்னால், கண் தெரியாத ஒரு பெரிய மனுஷியை. அந்த அம்மாளின் முகம் மாறுவதைப் பார்த்தேன். சரோஜா தலையைக் குனிந்துகொண்டார். ஆன்ட்டி மட்டும் அசையாமல் நின்றார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

"எனக்கு எதுலயும் வாசனையே வரலம்மா. நீ எதுன்னு கேட்ட. எல்லாரும் காத்துட்டு இருந்தாங்க. சொல்லணுமேன்னு ஒண்ணச் சொன்னேன்" என்றார் ஆன்ட்டி.

மேடம் மூன்றாவதின் டேப்பை உரித்தார். சிவப்புப் புள்ளி இருந்தது. முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். மற்ற இரண்டையும் முகர்ந்தார். மைக் திறந்திருந்ததால் அவர் மூச்சை இழுப்பது அரங்கம் முழுக்கக் கேட்டது.

"இதுலயும் ஒண்ணும் வரல. குளிர்ல வேலை செய்யல. ஆன்ட்டி சரியாத்தான் முகந்தாங்க. நான் கேட்ட கேள்விதான் தப்பு. எதுன்னு கேட்டேன். எதுலயும் இல்லன்னு சொல்ல நான் இடமே வைக்கல" என்றார்.

அந்த அம்மாள் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "வாட் எ ஸ்பிரிட்" என்று சொல்லிக்கொண்டே கைதட்ட ஆரம்பித்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"இப்ப எதுக்குத் தட்டறாங்க?" என்று கேட்டார் ரெஜினா ஆன்ட்டி. அதுவும் மைக்கில் விழுந்தது.

திரும்பி வருகிற வழியெல்லாம் வேனில் நான்தான் பேசினேன். பேசினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. உங்கள் நேர்மையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வகுப்பே போகப்போகிறது, ஒரே ஒரு தடவை தலையாட்டியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்றெல்லாம் கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை. ஹாட்பாக்ஸ் சரோஜாவின் மடியில் இருந்தது. காக்ஸ் டவுனில் இறங்கும்போது மேடம் ஆன்ட்டியின் கையைப் பிடித்து, "கோபமா ஆன்ட்டி?" என்று கேட்டார். ஆன்ட்டி கையை விடுவித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

கம்பெனியிலிருந்து பணிவாக ஒரு மெயில் வந்தது. அடுத்த வருஷம் அவர்களுடைய கவனம் வேறு துறைகளில் இருக்குமாம். எதிர்பார்த்ததுதான். சர்ச் ஹாலின் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். கொஞ்ச காலம் கழித்து மேடம் தார்வாட் பக்கம் ஏதோ கல்லூரிக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். நான் பழைய வேலைக்கே திரும்பிவிட்டேன். அவர் மேல் எனக்கிருந்த கோபம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த வகுப்பு இன்னும் நடந்திருக்கலாம், நூறு பேராவது வந்திருப்பார்கள் என்று இப்போதும் தோன்றும். அதே சமயம், அவரைப் போல இன்னொருவரை நான் சந்திக்கவும் இல்லை. அவர் இல்லாத குறை எனக்கு இருக்கிறது.

மெயில் வந்த அந்த வாரமே ரெஜினா ஆன்ட்டி எனக்குப் போன் செய்தார். விழாவுக்கப்புறம் அவர் பேசியது அதுதான் முதல் தடவை. "டியூப் எதாவது மிச்சம் இருக்குதா?" என்றார். ஃபிரிட்ஜில் கொஞ்சம் இருந்தது. "சனிக்கிழமை மேடத்த எங்க வீட்டுக்கு எடுத்துட்டு வரச் சொல்லு. ஹால்லாம் வேணாம். வெளில ஆளுங்க யாரும் வேணாம்" என்றார்.

அந்த வீட்டின் முன்னறையில் நாங்கள் நாலு பேர். ஆன்ட்டி, மேடம், சரோஜா, நான். தம்பி மனைவியை உள்ளே போகச் சொல்லிக் கதவைச் சாத்தியாகிவிட்டது. சரோஜா காலையிலேயே வந்து சமையலறையில் சூடு போட்டு, புள்ளி வைத்து, டேப் ஒட்டிக் கொண்டு வந்தார். மேஜையில் ஐந்து டியூப்.

"இருந்தாலும் இருக்கும், எதுலயும் இல்லாமலும் இருக்கும்" என்றார் மேடம். "தெரியலன்னாலும் தெரியலன்னு சொல்லுங்க."

ஆன்ட்டி ஒவ்வொன்றாக எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார், தள்ளி வைத்தார், கையை விசிறிக் காற்றை மாற்றினார், மறுபடி எடுத்தார். எங்களில் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

"நாலாவது. லேசா இருக்குது. மத்ததுல இல்ல."

மேடம் நாலாவதின் டேப்பை உரித்தார். மற்ற நாலையும் உரித்துப் பார்த்தார். பிறகு நாலாவதை முகர்ந்தார்.

"சரி" என்றார்.

"இன்னொரு தடவ சொல்லும்மா."

"சரியாச் சொன்னீங்க ஆன்ட்டி."

ரெஜினா ஆன்ட்டி அந்த டியூபைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"இப்ப நம்பறேன்" என்றார்.